ஒன்று விட்டு ஒன்று, மூன்றுக்கு ஒன்று: அரேயிலிருந்து சீரான இடைவெளியில் உறுப்புகளை எடுப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்வைக்கு இது ஒரு வரி வேலை. ஆனால் அந்த ஒரு வரியில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை, எங்கிருந்து எண்ணுகிறோம், எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாமல் எழுதுவதால் வருபவை. பல நேரம் எரர் கூட வராது. விடை மட்டும் தவறாக இருக்கும்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் ‘எண்கள்’ என்பது 0 முதல் 9 வரை பத்து எண்கள் வரிசையாக உள்ள அரே. மதிப்பும் இண்டெக்ஸும் (0-இலிருந்து எண்ணும் இட எண்) ஒன்றே என்பதால் எந்த இடம் எடுக்கப்பட்டது என்று பார்த்ததும் தெரியும். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். எனவே மாறிகளின் பெயர்களை இப்படியே எழுதலாம். ரேஞ்ச், லென் போன்ற கட்டளைப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

“மூன்று விட்டு ஒன்று எடு” என்றால் ஸ்டெப் 3-ஆ, 4-ஆ?

4. ஸ்டெப் என்பது ஒரு முறைக்கு எத்தனை இடம் நகர்கிறோம் என்ற எண். மூன்றை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தால் 0, 4, 8 வரும். “மூன்றுக்கு ஒன்று” என்றால்தான் ஸ்டெப் 3. “ஒன்று விட்டு ஒன்று” என்பது ஸ்டெப் 2. பேச்சில் இவை தாராளமாகக் கலந்து வரும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. “ஒவ்வொரு மூன்றாவது உறுப்பும்” என்று ஒருவர் கேட்டால் அவர் மனதில் இருப்பது மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது உறுப்புகளாக இருக்கலாம். அதாவது இண்டெக்ஸ் 2, 5, 8. நிரல் எழுதுபவர் வழக்கமாகத் தருவது 0, 3, 6, 9. இரண்டுமே மூன்றுக்கு ஒன்றுதான், தொடக்கம்தான் வேறு. வேலையைத் தொடங்கும் முன் “விடையில் முதல் மூன்று இடங்கள் எவை?” என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். அந்த மூன்று எண்கள் கிடைத்தால் தொடக்கமும் ஸ்டெப்பும் தானாகத் தெரிந்துவிடும்.

பைத்தானில் எப்படி எழுதுவது?

சதுர அடைப்புக்குள் தொடக்கம்:முடிவு:ஸ்டெப் என்று எழுதி ஒரு பகுதியை எடுப்பது ஸ்லைஸ். அதில் மூன்றாவது எண்ணாக ஸ்டெப்பைக் கொடுக்க வேண்டும்.

எண்கள்[::3] → [0, 3, 6, 9]
எண்கள்[2::3] → [2, 5, 8]
எண்கள்[0:9:3] → [0, 3, 6]

மூன்றாவது வரியில் 9 வரவில்லை. முடிவு எல்லை எப்போதும் விடையில் சேராது. கடைசி வரை வேண்டுமென்றால் முடிவை வெறுமையாக விடுவதே பாதுகாப்பு.

ஸ்டெப் எழுதும் இந்த வடிவம் பைத்தான் 1.4 காலத்திலேயே மொழியில் இருந்தது. ஆனால் எண்கணித அரேக்களுக்கு மட்டும் பயன்பட்டது. சாதாரண லிஸ்ட், டியூப்பிள், ஸ்ட்ரிங் ஆகியவற்றுக்கு 2003-இல் வந்த 2.3 பதிப்பில்தான் கிடைத்தது.

ஸ்லைஸ் எல்லையைத் தாண்டினால் எரர் வராது. எண்கள்[20::3] வெறும் [] தரும். தொடக்கத்தைத் தவறாகக் கணக்கிட்டிருந்தால் நிரல் அமைதியாக ஓடி வெற்றுப் பட்டியலைத் தரும் என்பதால், தொடக்கம் வெளியிலிருந்து வரும் எண்ணாக இருந்தால் அதைத் தனியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் 0 கொடுத்தால் மட்டும் வேல்யூஎரர் வரும்.

எத்தனை உறுப்புகள் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி?

எண்ணிக்கை = (நீளம் − தொடக்கம் + ஸ்டெப் − 1) // ஸ்டெப்

இங்கே // என்பது மீதியை விட்டுவிடும் முழு எண் வகுத்தல். நீளம் 10, ஸ்டெப் 3 என்றால்: தொடக்கம் 0-க்கு 12 // 3 = 4; தொடக்கம் 1-க்கு 11 // 3 = 3; தொடக்கம் 2-க்கு 10 // 3 = 3. மூன்றையும் கூட்டினால் 10.

நீளத்தை ஸ்டெப்பால் நேரடியாக வகுப்பவர்கள் (10 // 3 = 3) கடைசி உறுப்புக்கு இடம் ஒதுக்காமல் விட்டுவிடுவார்கள். சி மொழியில் அப்படி ஒதுக்கிய நினைவகத்தில் நான்காவது எண்ணை எழுதினால் பக்கத்து நினைவகம் கெடும். பிழை வேறு எங்கோ தலைகாட்டும். பைத்தானில் சூத்திரத்தை நினைவில் வைக்கத் தேவையில்லை: லென்(ரேஞ்ச்(தொடக்கம், நீளம், ஸ்டெப்)) அதே எண்ணைத் தரும். ரேஞ்ச் பட்டியலை உருவாக்காமல் கணக்கிட்டே சொல்வதால் நீளம் கோடியில் இருந்தாலும் நேரம் ஆகாது.

மற்ற மொழிகளில்?

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஒரே மாதிரி தோன்றும் குறியீடுகள் மொழிக்கு மொழி வேறு பொருள் தருகின்றன.

மாட்லேப், ஜூலியா இரண்டிலும் ஸ்டெப் நடுவில் வரும்: 1:3:9 என்றால் 1-இல் தொடங்கி மூன்று மூன்றாக 9 வரை. அங்கே எண்ணிக்கை 1-இலிருந்து தொடங்கும், முடிவு எல்லையும் சேரும். அந்தப் பழக்கத்தில் பைத்தானில் எண்கள்[1:3:9] என்று எழுதினால் [1] மட்டும் கிடைக்கும். எரர் வராது. ஃபோர்ட்ரான் 90 முதல் உள்ள வடிவத்தில் ஸ்டெப் பைத்தானைப் போலக் கடைசியில் வரும். ஆனால் முடிவு எல்லை சேரும்.

கோ மொழிதான் அதிகம் ஏமாற்றும். எண்கள்[0:3:9] என்று கோ மொழியில் எழுதலாம்; ஆனால் மூன்றாவது எண் ஸ்டெப் அல்ல, புதிய ஸ்லைஸின் கொள்ளளவுக்கான எல்லை. விடை முதல் மூன்று உறுப்புகள். கோ மொழியில் ஸ்டெப் ஸ்லைஸ் கிடையாது. ஃபார் லூப்தான் வழி.

ஜாவாஸ்கிரிப்டின் ஸ்லைஸ் தொடக்கம், முடிவு இரண்டை மட்டும் ஏற்கும். மூன்றாவதாக ஸ்டெப் கொடுத்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அங்கேயும் லூப், அல்லது நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் வைக்கும் ஃபில்ட்டர்.

ரஸ்டில், உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் இட்டரேட்டரின் மேல் ஸ்டெப்_பை(3) உண்டு, 2018-இல் 1.28 பதிப்பிலிருந்து நிலையான வசதி. முதல் உறுப்பை எடுத்துவிட்டுத்தான் தாவத் தொடங்கும். 2, 5, 8 வேண்டுமென்றால் ஸ்கிப்(2) முதலில், ஸ்டெப்_பை(3) அடுத்து. வரிசையை மாற்றினால் முதலில் 0, 3, 6, 9 எடுத்து, அதில் இரண்டைத் தள்ளி, 6, 9 மட்டும் தரும். சி++ 23-இல் வியூஸ் பகுதியில் ஸ்ட்ரைட் வந்திருக்கிறது. ஸ்விஃப்டில் ஸ்ட்ரைடுக்கு இரண்டு வடிவம்: ‘டு’ எழுதினால் முடிவு சேராது, ‘த்ரூ’ எழுதினால் சேரும். கோட்லினில் ‘அன்டில்’ முடிவை விடும், இரண்டு புள்ளி முடிவைச் சேர்க்கும். இரண்டுக்கும் பின்னால் ஸ்டெப் போடலாம். ரூபி 3.0 முதல் எண்கள்[(0..) % 3] என்று சுருக்கமாக எழுதலாம்.

ஆர் மொழியில் செக் என்ற ஃபங்ஷன் மூலம் 3 முதல் நீளம் வரை மூன்று மூன்றாக இண்டெக்ஸ் உருவாக்குவது வழக்கம். அரேயில் இரண்டே உறுப்பு இருந்தால் 3-இலிருந்து 2-க்கு மேல்நோக்கிப் போகச் சொல்வதாகி, குறி தவறு என்று எரர் தரும். சிறிய தரவு வரும்போது மட்டும் வெடிக்கும் பிழை என்பதால் சோதனையில் எளிதில் தப்பிவிடும். மெய், பொய், பொய் என்று மூன்று உறுப்புள்ள தர்க்க வெக்டரை இண்டெக்ஸாகக் கொடுத்தால் ஆர் அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி 1, 4, 7, 10 ஆகிய இடங்களை எடுக்கும். அந்த வழியில் இந்தச் சிக்கல் இல்லை.

ஃபில்ட்டரில் % 3 வைத்துச் சோதிப்பதா, லூப்பில் 3 கூட்டிப் போவதா?

% என்பது வகுத்தபின் வரும் மீதி. சிறிய அரேயில் எதுவும் சரி. பத்து லட்சம் உறுப்புகளில் ஆயிரத்துக்கு ஒன்று எடுக்க வேண்டுமென்றால், ஃபில்ட்டர் பத்து லட்சம் முறை ஃபங்ஷனை அழைக்கும். லூப் ஆயிரம் முறைதான் ஓடும்.

வேகத்தைவிடப் பெரியது வேறு இரண்டு சிக்கல்கள். முதலாவது: 4-இல் தொடங்க நினைத்து (இண்டெக்ஸ் − 4) % 3 == 0 என்று எழுதினால் இண்டெக்ஸ் 1-உம் தேர்வாகிவிடும்; −3-ஐ 3-ஆல் வகுத்தாலும் மீதி பூஜ்யம்தானே. இண்டெக்ஸ் >= 4 என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது: அந்த ஃபில்ட்டருக்கு முன்னால் இன்னொரு ஃபில்ட்டர் இருந்தால் இண்டெக்ஸ் மாறிவிட்டிருக்கும். “வெற்று மதிப்புகளை நீக்கு, பிறகு மூன்றுக்கு ஒன்று எடு” என்பதும் “மூன்றுக்கு ஒன்று எடு, பிறகு வெற்று மதிப்புகளை நீக்கு” என்பதும் வெவ்வேறு விடை தருபவை.

லூப்பிலும் கவனம் தேவை. இண்டெக்ஸை இ என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனையை இ < நீளம் என்றே எழுதுங்கள். இ != நீளம் என்று எழுதினால் 9-க்கு அடுத்து 12-க்குத் தாவி, 10-ஐத் தொடாமலே லூப் ஓடிக்கொண்டிருக்கும். சி-யில் நீளம் 32 பிட் இன்ட் (முழு எண் வகை) ஏற்கும் உச்சமான 2,147,483,647-ஐ நெருங்கினால் இ += ஸ்டெப் அந்த எல்லையைத் தாண்டும்; குறியுள்ள எண்ணில் அப்படித் தாண்டினால் என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தருவதில்லை.

பின்னாலிருந்து எடுத்தால் ஏன் வேறு உறுப்புகள் வருகின்றன?

எண்கள்[::-3] → [9, 6, 3, 0]. முன்னால் எடுத்ததன் தலைகீழ் போலத் தெரிகிறது. நீளம் 10 என்பதால் தற்செயலாகப் பொருந்தியது, அவ்வளவுதான். இன்னும் ஓர் எண்ணைச் சேர்த்து 0 முதல் 10 வரை ஆக்கினால் [10, 7, 4, 1] வரும். முன்னாலிருந்து எடுத்தால் [0, 3, 6, 9]. ஓர் உறுப்பு கூடப் பொதுவில்லை. எதிர்மறை ஸ்டெப் கடைசி உறுப்பிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. அதே இடங்கள் தலைகீழாக வேண்டுமென்றால் எண்கள்[::3][::-1].

முடிவு எல்லையிலும் ஒரு பொறி. 8-இலிருந்து இறங்கி வர எண்கள்[8:-1:-3] என்று எழுதத் தோன்றும். பைத்தானில் −1 என்பது கடைசி உறுப்பு, அதாவது 9. எட்டிலிருந்து இறங்கி ஒன்பதை அடைய முடியாது; விடை []. எண்கள்[8::-3] என்று எழுதினால் [8, 5, 2] வரும். எல்லை ஒரு மாறியில் இருந்தால் அதில் ‘எதுவும் இல்லை’ என்பதைக் குறிக்கும் நன் (None) என்ற மதிப்பை வையுங்கள்.

சி-யில் குறியற்ற எண்ணை வைத்துப் பின்னோக்கி ஓடும்போது இ >= 0 எப்போதும் மெய். பூஜ்யத்திலிருந்து 3 கழித்தால் பிரம்மாண்டமான நேர் எண் வரும், அடுத்த வரியில் நிரல் விழும். எண்ணிக்கையை முதலில் கணக்கிட்டு, அந்த எண்ணிக்கை வரை லூப்பை ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் தொடக்கம் + சுற்று × ஸ்டெப் என்று இடத்தைக் கணக்கிடுவது இந்தப் பொறிகளையெல்லாம் ஒன்றாகத் தவிர்க்கும்.

சரியாக 8 உறுப்புகள், சம இடைவெளியில், முதலும் கடைசியும் சேர்த்து வேண்டும். எப்படி?

ஸ்டெப்பைக் கண்டுபிடித்து ஸ்லைஸ் செய்வது இங்கே உதவாது. 100 உறுப்பு, 8 வேண்டும்: 100 // 8 = 12. [::12] எடுத்தால் 0, 12, 24 … 96 என்று ஒன்பது வரும். கடைசி உறுப்பான 99 வராது. ஒன்பதில் எட்டை மட்டும் வைத்துக்கொண்டால் 84-உடன் நின்று, அரேயின் வால் முழுக்க விடுபடும்.

ஒவ்வோர் இடத்தையும் தனியே கணக்கிடுங்கள். நீளம் 100, தேவை 8 என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும்:

இடம் = (சுற்று × 99 + 3) // 7

99 என்பது நீளம் − 1. 7 என்பது தேவை − 1. 3 என்பது 7-இன் பாதியின் முழு எண் பகுதி (7 // 2), அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுவரச் சேர்ப்பது. சுற்று 0 முதல் 7 வரை ஓடினால் 0, 14, 28, 42, 57, 71, 85, 99. இடைவெளி 14 அல்லது 15. அதைவிடச் சமமாகப் பிரிக்க முடியாது. நம்பையில் (பைத்தானின் எண்கணித அரே நூலகம்) லின்ஸ்பேஸ் இதே வேலையைத் தசம எண்களில் செய்யும். பிறகு ரவுண்ட் செய்து முழு எண்ணாக்க வேண்டும். ரவுண்ட் செய்யாமல் நேராக முழு எண்ணாக்கினால் தசமப் பகுதி வெட்டப்பட்டு இடங்கள் கீழ்நோக்கிச் சாயும்.

தேவை 1 என்றால் வகுக்கும் எண் பூஜ்யமாகும். அதைத் தனியே கையாளுங்கள். 14.14 போன்ற தசம ஸ்டெப்பைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் போவதும் வேண்டாம். 0.1-ஐப் பத்து முறை கூட்டினாலே 1 வருவதில்லை, 0.9999999999999999 வருகிறது. பெருக்கிக் கணக்கிட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகாது.

சாதாரண ஸ்டெப் போதும், கடைசி உறுப்பு மட்டும் விடுபடக் கூடாது என்றால், (நீளம் − 1 − தொடக்கம்) % ஸ்டெப் பூஜ்யமா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைசி உறுப்பைத் தனியே சேருங்கள்.

மூன்றுக்கு ஒன்றை நீக்கவோ மாற்றவோ செய்யலாமா?

நீக்க: டெல் எண்கள்[::3]. விடை [1, 2, 4, 5, 7, 8]. லூப்பில் 0, 3, 6, 9 என்று ஒவ்வொன்றாக பாப் செய்தால் (அந்த இடத்து உறுப்பை நீக்கினால்) என்ன ஆகும் பாருங்கள். 0 போனதும் எல்லாம் ஓரிடம் முன்னால் நகரும், அடுத்த பாப்(3) உண்மையில் 4-ஐ எடுக்கும், அடுத்தது 8-ஐ. கடைசியில் பாப்(9) செய்யும்போது பட்டியலில் ஏழே உறுப்பு, இண்டெக்ஸ்எரர். மூன்றுக்கு ஒன்று கேட்டது மூன்று விட்டு ஒன்றாகிவிட்டது. லூப்பில்தான் செய்ய வேண்டுமென்றால் பின்னாலிருந்து நீக்குங்கள்.

மாற்ற: லிஸ்டில் வலப்பக்கம் சரியான எண்ணிக்கை இருக்க வேண்டும். எண்கள்[::3] = [0, 0] என்றால் நான்குக்கு இரண்டு கொடுத்ததாக வேல்யூஎரர். எண்கள்[::3] = [0] * 4 சரி. நம்பை அரேயில் எண்கள்[::3] = 0 என்றே எழுதலாம்.

எரட்டோஸ்தனிஸ் சல்லடையில் பகா எண்களைக் கண்டுபிடிப்பது இந்த வசதியின் அழகான பயன்பாடு. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் சல்லடை[பகா*பகா::பகா] முழுவதையும் ஒரே அடியில் பொய்யாக்கலாம். வர்க்கத்திலிருந்து தொடங்குவது ஏனென்றால், அதற்குக் கீழுள்ள மடங்குகளைச் சிறிய பகா எண்கள் ஏற்கெனவே அடித்துவிட்டிருக்கும்.

ஸ்லைஸ் செய்ததை மாற்றினேன், மூல அரேயும் மாறிவிட்டது. ஏன்?

அது நம்பை அரேயாக இருக்க வேண்டும். பைத்தான் லிஸ்டின் ஸ்லைஸ் புதிய லிஸ்ட். நம்பையின் ஸ்லைஸ் அதே நினைவகத்தின் மேல் வைத்த இன்னொரு பார்வை, வியூ என்பார்கள். எத்தனை பைட் தாண்டி அடுத்த உறுப்பு என்ற கணக்கு மட்டும் மாறும். ஓர் எண்ணுக்கு 8 பைட் என்றால் [::100] எடுத்த வியூவில் அது 800 பைட்.

இதனால் ஸ்லைஸ் எடுப்பதற்கு நேரமே ஆகாது. ஆனால் இரண்டு விளைவுகள் உண்டு. வியூவில் எழுதினால் மூலமும் மாறும். மூல அரேயை விட்டுவிட்டாலும் வியூ இருக்கும் வரை நினைவகம் விடுபடாது: பத்து லட்சம் எண்கள், 80 லட்சம் பைட், அதில் நூறுக்கு ஒன்று எடுத்த வியூவுக்குத் தேவை 80 ஆயிரம் பைட்தான், ஆனாலும் 80 லட்சமும் பிடிபட்டே இருக்கும். நூறு கோப்புகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து வைக்கும் நிரல்கள் நினைவகம் தீர்ந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். எடுத்தவுடன் காப்பி செய்துவிடுங்கள். இண்டெக்ஸ்களைப் பட்டியலாகக் கொடுத்து எடுத்தால், எண்கள்[[0, 3, 6]] போல, நம்பை எப்போதும் காப்பிதான் தரும்.

எட்டில் ஒன்றுதான் படிக்கிறேன். நேரம் ஏன் எட்டில் ஒன்றாகக் குறையவில்லை?

பிராசசர் நினைவகத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாக எடுப்பதில்லை. இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் கேஷ் வரி, அதாவது ஒரே தடவையில் கொண்டுவரும் துண்டு, 64 பைட். 8 பைட் எண்கள் எட்டு அதில் அடங்கும். ஸ்டெப் 8 என்றால் ஒவ்வொரு வரியிலும் ஓர் எண்ணைத் தொடுகிறோம். ஆனால் எல்லா வரிகளும் வந்தாக வேண்டும். பெரிய அரேயில் நேரம் போவது கணக்கில் அல்ல, இந்த வரத்துக்குத்தான். எடுத்த எண்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஒருமுறை காப்பி செய்து நெருக்கமாக அடுக்கிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

படம், ஒலி, அணி (மேட்ரிக்ஸ்) போன்றவற்றில் இது எங்கே பயன்படும்?

கலந்து அடுக்கிய தரவைப் பிரிக்க. ஸ்டீரியோ ஒலியில் இடம், வலம் என்று மாறி மாறி இருந்தால் [0::2] இடப்பக்கம், [1::2] வலப்பக்கம். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுதன்மை என்று நான்கு பைட் இருக்கும் படத்தில் [1::4] பச்சை மட்டும். ஆனால் பல பட வடிவங்களில் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் நிரப்பு பைட்டுகள் இருக்கும். பிஎம்பி கோப்பில் வரிசை நீளம் 4-இன் மடங்காக்கப்படும். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் உள்ள படத்தை அப்படியே [0::3] என்று எடுத்தால் இரண்டாவது வரிசையிலிருந்து நிறங்கள் கலையும். வரிசை வரிசையாகப் பிரித்துவிட்டு எடுக்க வேண்டும்.

ஒற்றை வரிசையாக அடுக்கிய 4 × 4 அணியில் இரண்டாவது நெடுவரிசை [1::4]. முதன்மை மூலைவிட்டம் [::5], அதாவது 0, 5, 10, 15. எதிர் மூலைவிட்டம் [3:15:3], அதாவது 3, 6, 9, 12. இதில் முடிவு எல்லையை விட்டுவிட்டால் 15-உம் ஒட்டிக்கொண்டு வரும்.

கோப்பு பெரியது, நினைவகத்தில் ஏற்ற முடியாது. வரிகளில் பத்துக்கு ஒன்று வேண்டும்.

பைத்தானில் இட்டர்டூல்ஸின் ஐஸ்லைஸ். கோப்பை அப்படியே கொடுக்கலாம். எதிர்மறை ஸ்டெப் ஏற்காது. கடந்துபோன வரிகளுக்குத் திரும்ப முடியாது.

கமாண்ட் லைனில் ஆக் (awk) என்ற கருவி போதும். அங்கே வரி எண் 1-இலிருந்து தொடங்கும்; வரி எண் % 10 == 1 என்றால் 1, 11, 21. ஆனால் ஸ்டெப்பை மாறியாக்கி, யாராவது 1 கொடுத்தால் எந்த வரியும் வராது. எதையும் 1-ஆல் வகுத்தால் மீதி 1 ஆகாது. (வரி எண் − 1) % ஸ்டெப் == 0 என்று எழுதுங்கள். ஜிஎன்யூ செட் (sed) கருவியில் 1~10 என்ற குறியீடு இதே வேலையைச் செய்யும். தலைப்பு வரி உள்ள கோப்பில் அதை முதலில் ஒதுக்க மறக்க வேண்டாம்.

டேட்டாபேஸ், பாண்டாஸ் அட்டவணைகளில்?

ஐடி % 10 = 0 என்று எடுப்பது பத்துக்கு ஒன்று ஆகாது. நீக்கிய வரிகளின் ஐடிகள் பொதுவாகத் திரும்ப வருவதில்லை. எண்களில் ஓட்டைகள் இருக்கும். ரோ_நம்பர் மூலம் புதிதாக எண்ணிட்டு அதில் தேர்ந்தெடுங்கள். ஆர்டர் பை கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் டேட்டாபேஸ் எந்த வரிசையில் வேண்டுமானாலும் தரலாம், நாளைக்கு விடை மாறலாம்.

பாண்டாஸில் (பைத்தானின் அட்டவணை நூலகம்) ஐலாக்[::3] எடுத்தபின் வரிசைப் பெயர்கள் 0, 3, 6 என்றே இருக்கும். ஒன்று விட்டு ஒன்றாக எடுத்த இரண்டு பகுதிகளை, ஐலாக்[::2]-இலிருந்து ஐலாக்[1::2]-ஐ, கழித்தால் விடை முழுவதும் வெற்று மதிப்பு. பாண்டாஸ் பெயர் பார்த்துத்தான் பொருத்தும். ஒன்றில் இரட்டைப்படை, மற்றதில் ஒற்றைப்படை, எதுவும் பொருந்தாது. கழிக்கும் முன் இரண்டிலும் ரீசெட்_இண்டெக்ஸ் செய்து பழைய பெயர்களைத் தள்ளிவிட வேண்டும்.

சென்சர் தரவை இப்படிக் குறைக்கலாமா?

இங்கேதான் நிரல் சரியாக இருந்தும் முடிவு தவறிப்போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வெப்ப அளவீடு என்றால் நாளுக்கு 288. [::12] மணிக்கு ஒன்று தரும். [::288] தினமும் ஒரே நேரத்து அளவீட்டைத் தரும். பதிவு நள்ளிரவில் தொடங்கியிருந்தால் அந்தச் சராசரி ஊரின் வெப்பநிலை அல்ல, நள்ளிரவின் வெப்பநிலை. தரவில் ஒரு சுழற்சி இருந்து, ஸ்டெப் அந்தச் சுழற்சியோடு ஒத்துப்போனால் சுழற்சியே மறைந்துவிடும். மாதிரி எடுப்பதற்காக என்றால் தொடக்கத்தையாவது 0 முதல் ஸ்டெப் − 1 வரை குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். ஆனால் இந்தச் சுழற்சிச் சிக்கலுக்கு அது முழு மருந்தாகாது.

ஓர் அளவீடு விட்டுப்போனாலும் பிரச்சினைதான். அதற்குப் பிறகு எடுப்பதெல்லாம் ஐந்து நிமிடம் தள்ளிப்போகும். நாம் எண்ணுவது இடங்களை, நமக்குத் தேவையோ நேரம். நேரமுத்திரையை வைத்து மணிவாரியாகத் தொகுங்கள். பாண்டாஸில் ரீசாம்பிள் அதற்கே உள்ளது.

அதிர்வு, ஒலி போன்ற வேகமான சிக்னலில் இன்னும் கடுமை. வினாடிக்கு 1000 அளவீடு, பத்துக்கு ஒன்று எடுத்தால் வினாடிக்கு 100. அதில் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் காட்ட முடியாது. மூலத்தில் 90 ஹெர்ட்ஸ் அதிர்வு இருந்தால் அது மறையாது, 10 ஹெர்ட்ஸ் வேடத்தில் தோன்றும். பிறகு உண்மையான 10 ஹெர்ட்ஸிலிருந்து அதைப் பிரிக்க வழியில்லை. எடுக்கும் முன்பே உயர் அதிர்வெண்களை வடிகட்ட வேண்டும். பைத்தான் நூலகமான சைபையின் டெசிமேட் வடிகட்டிவிட்டு எடுக்கும். அதன் இயல்பான ஐஐஆர் வடிகட்டியில் 13-க்கு மேல் குறைக்க வேண்டுமென்றால் பல படிகளாக அழைக்கச் சொல்கிறது அதன் ஆவணம்: 100-க்கு ஒன்று என்றால் 10, மறுபடி 10.

வரைபடம் வரைய மட்டும் என்றால் ஸ்டெப்பில் எடுப்பது உச்சங்களை விழுங்கும். ஒவ்வொரு தொகுதியிலும் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் எடுங்கள்.

ஸ்ட்ரிங்கிலும் இதே ஸ்லைஸ் வேலை செய்யுமா?

ஆங்கிலத்தில் செய்யும். தமிழில் எழுத்து உடையும். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிக்கோடில் ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. [::2] எடுத்தால் தகரமும் கொக்கியும் புள்ளியும் ஒட்டி, எந்தச் சொல்லிலும் இல்லாத ஒரு வடிவம் வரும். [::-1] போட்டுத் திருப்பினால் புள்ளி முதலில் வந்து, மகரத்தின் கொக்கி ழகரத்தில் ஏறி, ‘ழிமத’ என்று முடியும்.

முதலில் எழுத்துகளாகப் பிரித்து லிஸ்டாக்கி, பிறகு ஸ்லைஸ் செய்யுங்கள். பைத்தானில் ஓபன்-தமிழ் நூலகத்தின் கெட்_லெட்டர்ஸ் இதற்கானது. ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்டல் பகுதியின் செக்மென்ட்டர். பிரித்தபின் [::2] ‘த’, ‘ழ்’ என்று சரியாகத் தரும்.

எழுதியது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

நீளம் 0, 1, ஸ்டெப் − 1, ஸ்டெப், ஸ்டெப் + 1 ஆகிய ஐந்தையும் கொடுத்துப் பாருங்கள். ஸ்டெப் 3 என்றால் 0, 1, 2, 3, 4. தொடக்கம் 0 என்றால் கிடைக்க வேண்டிய எண்ணிக்கை 0, 1, 1, 1, 2. தொடக்கம் 2 என்றால் 0, 0, 0, 1, 1. பிறகு தொடக்கத்தை 0, 1, 2 என்று மாற்றி எடுத்த மூன்று விடைகளையும் ஒன்றாகச் சேர்த்து வரிசைப்படுத்துங்கள்: மூல அரேயின் எல்லா இடங்களும் ஒவ்வொரு முறை மட்டும் வந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் முடிவு எல்லையில் பிழை. ஒன்று இரண்டு முறை வந்தால் தொடக்கத்தில் பிழை.